‘நம்ம’ என்றால் யாருடையது

பிரகதாம்பாளுக்கு மேடைக் குரல் கிடையாது. எழுபதுகளின் தொடக்கத்தில், தஞ்சாவூரில், அதுவும் பல்கலைக்கழகக் கிளையின் அரசியல் துறையில் வேலை பார்க்கிற ஒருத்திக்கு அது பெரிய குறை. அடுக்கிப் பேசிப் பேசியே ஒரு கட்சி கோட்டைக்குப் போய் உட்கார்ந்துவிட்ட காலம். முடி திருத்தும் கடையில்கூட ‘அவர்களே, அவர்களே’ என்று ஆரம்பித்து மூச்சு விடாமல் பேச நாலு பேர் இருப்பார்கள். இவள் எழுந்து நின்றால் முதல் வரிசைக்காரர்களே கையைக் காதருகே குவிக்க வேண்டியிருக்கும்.

இருந்தாலும் துறை நடத்திய பொதுச் சொற்பொழிவுகளில் அவளுடைய முறையும் வரத்தான் செய்தது. மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை மாலை, யார் வேண்டுமானாலும் வரலாம் என்று நோட்டீஸ் ஒட்டி, துறையின் நீள ஹாலில் கூட்டம் போடுவார்கள். “நாம என்ன கண்டுபிடிச்சிருக்கோம்னு சனங்களுக்குத் தெரிய வேண்டாமா?” என்பார் துறைத் தலைவர் சாரங்கபாணி. வந்த சனங்கள் என்றால், வருகைப் பதிவுக்குப் பயந்த மாணவர்கள், பஸ் வரும்வரை மின்விசிறிக் காற்றுக்காக உட்காருகிறவர்கள், அப்புறம் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் சிவசாமி. சிவசாமி ஒரு கூட்டத்தையும் விடமாட்டார். தலைப்பு எதுவானாலும் கடைசியில் எழுந்து, “இதுக்கு அரசாங்கம் என்ன செய்யணும்ங்கறீங்க?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் காலால் செருப்பைத் துழாவ ஆரம்பித்துவிடுவார்.

தெற்கு வீதியில் ஒரு மாடிப் போர்ஷனில் அவள் தனியாக இருந்தாள். பேச்சு இருக்கிற வாரத்தில் சமைத்துக்கொண்டே உரக்கப் பேசிப் பழகுவாள். கீழே இருந்த வீட்டுக்கார அம்மாள் சௌந்தரநாயகி மாடிப்படியில் பாதி ஏறி நின்று, “யாரு பிரகதா வந்திருக்கறது?” என்பாள்.

“யாருமில்லீங்க, நாந்தான் பேசிக்கிட்டிருக்கேன்.”

மற்ற வாரங்களில் அந்தக் கேள்வியும் இருக்காது.

அவளுடைய சொந்த ஊர் பூதலூருக்குப் பக்கத்தில் மேலக்கொத்தூர். அப்பா போனபின் அண்ணன் வைரக்கண்ணுதான் நிலத்தையும் வீட்டையும் பார்த்துக்கொண்டான். அவளை மாயவரத்தில் கட்டிக்கொடுத்தார்கள். போன இடத்தில் கால் ஊன்றுவதற்குள் புருஷன் காய்ச்சலில் போய்விட்டான். காரியம் முடிந்த கையோடு வைரக்கண்ணு போய்த் தங்கையைக் கூட்டிவந்தான். “மூலையில உக்கார வெக்கறதுக்கா கூட்டியாந்தே?” என்று சித்தப்பா கேட்டதற்கு, “இல்ல, படிக்க வெக்கறதுக்கு” என்றான். அவன் பள்ளிப் படிப்பையே முடிக்காதவன். திருச்சியில் கல்லூரி விடுதி வார்டனிடம் என்ன பேசுவது என்று தெரியாமல், ஒரு தார் வாழைப்பழத்தை மேசைமேல் வைத்துவிட்டுத் திரும்பி வந்தவன். அரசியல் படிக்கப் போகிறேன் என்று அவள் சொன்னபோது, “எந்தக் கட்சிக்கு?” என்று கேட்டான். கேலியில்லை, நிஜமாகவே கேட்டான்.

வேலை கிடைத்தபின்னும் சனி ஞாயிறில் பாசஞ்சர் ரயிலைப் பிடித்தால் ஊர்தான். கூடத்தை ஒட்டிய அறையில் அவளுடைய கட்டில் யாரும் நகர்த்தாமல் கிடந்தது. அண்ணி வள்ளியம்மை வாய் ஓயாதவள். ஆனால் நாத்தனார் வருகிற அன்றைக்கு வாழைப்பூ ஆய்ந்து வைத்திருப்பாள்.

அப்போது குத்தகைப் பதிவுச் சட்டம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. அடுத்தவர் நிலத்தில் பயிர் செய்கிறவன் தன் பெயரைத் தாலுகா அலுவலகத்தில் பதிந்துகொண்டால் அவனை நினைத்தபடி வெளியேற்ற முடியாது. சட்டம் இருந்தது, பதிந்துகொண்டவர்கள் குறைவு. ஏன் பதியவில்லை என்பதுதான் பிரகதாம்பாள் எடுத்துக்கொண்ட ஆய்வு. ஊர் ஊராகப் போய், வீடு வீடாகக் கேட்டாள். அந்த ஊர்களில் ஒன்றாக மேலக்கொத்தூரையும் சேர்த்துக்கொண்டாள். தெரிந்த ஊர், தெரிந்த முகங்கள், கேட்டால் மறைக்காமல் சொல்வார்கள் என்று நினைத்தாள்.

மறைக்காமல்தான் சொன்னார்கள். “நீங்க பயிர் பண்ற நெலம் யாருது?” என்று அவள் கேட்ட வாசல்களில் எல்லாம், “நம்ம நெலந்தாங்க” என்று பதில் வந்தது. கிழக்குத் தெருவில் காத்தான் சொன்னான், அவன் மனைவி ராமாயி சொன்னாள், அடுத்த வீட்டிலும் சொன்னார்கள். அவளுக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகக்கூட இருந்தது. அவளைப் போன்ற பெரிய வீட்டுப் பெண்கள் வயல் பக்கம் போனதில்லை. எந்த வரப்போடு தங்கள் நிலம் முடிகிறது என்பது அவளுக்குத் தெரியாது. ஆளுக்குக் கொஞ்சம் சொந்தமாக வைத்திருக்கிறார்கள் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டாள்.

அந்த வருஷப் பேச்சில், மேலக்கொத்தூரில் பெரும்பாலும் சொந்த நிலத்துக்காரர்களே பயிர் செய்கிறார்கள், குத்தகைச் சிக்கல் அங்கே அரிது என்று சொன்னாள். சிவசாமி தன் கேள்வியைக் கேட்டார். உள்ளூர்ப் பத்திரிகையில் மூலையில் ஒரு செய்தி வந்தது: ‘மேலக்கொத்தூரில் குத்தகைதாரர் இல்லை. பல்கலைக்கழக ஆய்வில் தகவல்.’ தங்கச்சி பெயர் அச்சில் வந்ததில் வைரக்கண்ணுவுக்குத் தலைகால் புரியவில்லை. பூதலூர் டீக்கடையில் அதை நாலு பேருக்குப் படித்துக் காட்டினான். பிறகு கத்தரித்து எடுத்து வக்கீலிடம் கொண்டுபோய்க் கொடுத்தான். சம்பா அறுவடை முடிந்ததும் காத்தானைக் கூப்பிட்டு, இனி வயலில் கால் வைக்க வேண்டாம் என்றான். காத்தான் தாலுகா அலுவலகத்தில் மனுப் போட்டான். அவன் கூலிக்கு வந்த ஆள், குத்தகைக்காரன் இல்லை, வேண்டுமானால் பல்கலைக்கழகத்தைக் கேளுங்கள் என்று வைரக்கண்ணு பதில் கொடுத்தான். இதெல்லாம் தஞ்சாவூரில் இருந்த அவளுக்கு அப்போது தெரியாது.

ஆய்வில் இன்னும் இரண்டு கேள்விகள் சேர்க்க வேண்டும் என்று சாரங்கபாணி சொன்னதால், துறையில் உடன் வேலை பார்த்த ஆயிஷா அதே ஊர்களுக்கு மறுபடி போனாள். கூத்தாநல்லூர்க்காரி. எதையும் சிரித்துக்கொண்டேதான் சொல்வாள்.

“மேடம், நீங்க போன மேலக்கொத்தூரும் நான் போன மேலக்கொத்தூரும் ஒண்ணுதானா?”

“ஏன், வேற எங்க இருக்கு?”

“நீங்க சொந்த நெலம்னு எழுதி வெச்சிருக்கற ஆளுங்கள்ல பாதிக்கு மேல வாரத்துக்குப் பயிர் பண்றவங்க. வெளைச்சல்ல பங்கு பெரிய வீட்டுக்கு அளக்கறோம்ங்கறாங்க. அதுலயும் ஒருத்தர வயலவிட்டே எறக்கிவிட்டாச்சாம். காத்தான்னு பேரு.”

“என்கிட்ட நம்ம நெலம்னு சொன்னாங்களே ஆயிஷா.”

“உங்ககிட்ட சொல்லியிருப்பாங்க. என்கிட்ட ஏன் நம்ம நெலம்னு சொல்லப்போறாங்க? எனக்கு அங்க ஒரு சென்ட்கூடக் கெடையாதே!”

ஆயிஷா சிரித்தாள். பிரகதாம்பாளும் சிரித்தாள், பாதியில் நிறுத்திவிட்டாள். சின்ன வயதிலிருந்து காதில் விழுந்த பேச்செல்லாம் ஒவ்வொன்றாக வந்தது. ‘நம்ம மாடு கன்னு போட்டிருச்சுங்க’ என்று வந்து நிற்பார்கள். மாடு அப்பாவுடையது. அவள் அம்மா செத்த அன்று காத்தான் கொல்லைப்புறத்தில் நின்று, ‘நம்ம அம்மா போயிட்டாங்களே’ என்று அழுதான். பெரிய வீட்டாரிடம் ‘உங்க’ என்று சொல்வது முகத்தில் அடித்த மாதிரி. அதனால் அவர்களுடையது எல்லாம் ‘நம்ம’. அந்த மரியாதையை அவள் பட்டாவாக எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

அந்த வாரமே ஊருக்குப் போனாள். வீட்டுக்குப் போகுமுன் கிழக்குத் தெருவுக்குப் போனாள். ராமாயி வாசலில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள்.

“ராமாயி, அன்னிக்கு நம்ம நெலம்னு சொன்னியே. நம்மன்னா யாரோடது?”

ராமாயி முறத்தை நிறுத்தினாள். “உங்களுதுதாங்க. வேற யாருது?”

“நீங்க அதுல குத்தகையா?”

“எங்க மாமனாரு காலத்துலேருந்து. அத கேக்கவா சின்னம்மா ரயிலேறி வந்தீங்க? இங்க நாய்க்குட்டியக் கேட்டாக்கூடச் சொல்லுமே.”

சாரங்கபாணியிடம் சொன்னபோது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆய்வென்றால் முன்னேபின்னே இருக்கத்தான் செய்யும், அறிக்கையில் ஊருக்கு மாற்றுப் பெயர் வைத்து எண்ணிக்கையைத் திருத்திவிடலாம் என்றார்.

“பேரு ஏற்கெனவே பேப்பர்ல வந்துடுச்சு சார். அத வெச்சு ஒருத்தர வயலவிட்டு எறக்கியிருக்காங்க.”

“யாரு?”

“எங்கண்ணன்.”

கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டு அவளைப் பார்த்தார். “அடுத்த மாசக் கூட்டத்துக்கு ஆள் கிடைக்கல. வேணும்னா நீங்க பேசுங்க. ஆனா நாந்தான் பேசச் சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லாதீங்கம்மா.”

பேசுவதற்குமுன் அண்ணனிடம் சொல்லிவிட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை மதியம், அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். வள்ளியம்மை பரிமாறினாள். பிரகதாம்பாள் எதிரில் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

“அண்ணே, அந்தப் பேப்பர்ல வந்தது தப்பு.”

“எது? உம் பேரா? சரியாத்தானே போட்டிருந்தான்.”

“குத்தகைக்காரங்க இல்லேன்னு நான் சொன்னது தப்பு. காத்தான் கூலியாள் இல்லண்ணே. அவன் அப்பா காலத்துலேருந்து குத்தகை.”

“இவ கண்டா! கெழக்கு வயலு வாய்க்காலுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா, சொல்லு பாப்பம்.”

“எனக்குத் தெரியாது. அதனாலதான் கேக்கப் போனேன்.”

“கேட்டேல்ல? நம்ம நெலம்னு சொன்னான்ல? அத்தோட விடு.”

“நம்மன்னா உங்களுதுன்னு அர்த்தம்ணே. பாத்தியத கொண்டாடல, மரியாதைக்குச் சொன்னது.”

“அதத்தானே நானும் சொல்றேன். எங்களுதுதான்.”

வள்ளியம்மை ரசத்தை ஊற்றாமல் நின்றாள். “சோத்து முன்னாடி உக்காந்துகிட்டுத்தான் பேசணுமா இத?”

“இரு. அவ பேசட்டும். பேசறதுக்குத்தானே படிக்க வெச்சேன்.” வைரக்கண்ணுவின் குரல் உயரவில்லை. “சித்தப்பாலேருந்து அத்தன பேரும் எதுத்தாங்க. நம்ம வீட்டுப் புள்ள, நாம பாக்காம யாரு பாப்பான்னு சொன்னேன். அரிசி மில்லுக்காரன் சொன்னான், பொம்பளப் புள்ள படிச்சா அடுத்தவன் வீட்டுக்கு வக்கீலா வரும்னு. அன்னிக்கு அவனோட சண்ட போட்டேன்.”

“நான் யாருக்கும் வக்கீல் இல்லண்ணே. நான் சொன்னதத் திருத்தணும், அவ்வளவுதான்.”

“ஊரு பேரச் சொல்லுவியா?”

“முன்ன சொன்னப்பவும் ஊரு பேரச் சொல்லித்தானே சொன்னேன்.”

அவன் சாப்பாட்டை முடிக்காமல் இலையை மடித்தான். “பேசிக்க. பேசிட்டு எங்க வீட்டுப் படியேறாத.”

வள்ளியம்மை ஏதோ சொல்ல வாயெடுத்து, அவன் போன பக்கம் பார்த்துவிட்டு, பிரகதாம்பாளின் இலையில் ரசத்தை ஊற்றினாள். “நீ சாப்புடு. அவருக்குக் கோவம் ஆறிடும்” என்றாள். பிறகு தாழ்ந்த குரலில், “பேசித்தான் ஆகணுமா பிரகதா?” என்று கேட்டாள். பிரகதாம்பாள் ரசத்தைப் பிசைந்து சாப்பிட்டாள். அண்ணன் முதலில் ‘நம்ம வீட்டுப் புள்ள’ என்றதும் கடைசியில் ‘எங்க வீட்டுப் படி’ என்றதும் அவள் காதில் தனித்தனியாக விழுந்திருந்தன. சொற்களை எண்ணிப் பழகிய காது, விட்டுவிடு என்றால் விடவில்லை.

கூட்டத்தன்று ஹாலில் வழக்கத்தைவிட ஆள் இருந்தது. அன்று கீழவாசல் பக்கம் ஏதோ ஊர்வலம், பஸ்கள் தாமதம். நாற்காலிகளுக்கு நடுவே, வெள்ளைச் சட்டையில், தோளில் துண்டோடு வைரக்கண்ணு உட்கார்ந்திருப்பதை அவள் மேடைக்கு வந்தபின்தான் பார்த்தாள். பக்கத்தில் சிவசாமி.

முதல் இரண்டு பக்கங்களை எழுதியிருந்தபடி படித்தாள். பின்வரிசையில் ஒருவர், “கொஞ்சம் சத்தமா” என்றார். பிறகு காகிதத்தைக் கீழே வைத்துவிட்டு, நம்ம மாடு கன்று போட்டதைச் சொன்னாள். ஹால் சிரித்தது. டெல்டாக்காரர்களுக்கு அதை விளக்க வேண்டியிருக்கவில்லை. சிரிப்பு அடங்குமுன்பே மற்றதையும் சொல்லிவிட்டாள்: சென்ற முறை இதே இடத்தில் மேலக்கொத்தூரைப் பற்றித் தான் சொன்னது தவறு; சொந்தக்காரர்கள் என்று எண்ணியவர்களில் பாதிக்கு மேல் குத்தகைக்காரர்கள்; கேட்டவள் நிலக்காரர் வீட்டுப் பெண் என்பதால் பதிலின் பொருள் மாறிவிட்டது; அந்த நிலங்களில் தன் குடும்பத்து நிலமும் உண்டு. அதைச் சொல்லும்போது குரல் இன்னும் இறங்கிவிட்டது. ஆனால் அப்போது யாரும் ‘கொஞ்சம் சத்தமா’ என்று கேட்கவில்லை.

சிவசாமி எழுந்தார். அன்று செருப்பைத் தேடவில்லை. “இது அண்ணன் தங்கச்சி உக்காந்து வீட்டுக்குள்ள தீத்துக்கற விஷயம் இல்லியாம்மா?”

“வீட்டுக்குள்ள தப்பாச் சொல்லியிருந்தா வீட்டுக்குள்ளயே திருத்தியிருப்பேன் சார். நான் இங்க நின்னுதான் சொன்னேன்.”

நன்றியுரைக்கு முன்பே வைரக்கண்ணு எழுந்தான். வரிசையில் இருந்தவர்களின் கால்களில் இடிக்காமல், ஒவ்வொருவருக்கும் தலையசைத்துக்கொண்டே வெளியேறினான். வாசலில் ஆயிஷா டீ நீட்டியபோது, “வேணாம்மா, இந்தப் பக்கம் ஒரு வேலையா வந்தேன்” என்று சொன்னானாம்.

திருத்தம் பத்திரிகையில் வரவில்லை. பிரகதாம்பாளே தாலுகா அலுவலகத்துக்குப் போய், விசாரணையில் சொல்ல வேண்டியதைச் சொன்னாள். வெளியே புளியமரத்தடியில் காத்தானும் ராமாயியும் நின்றிருந்தார்கள். காத்தான் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான்.

“ஏன் சின்னம்மா இப்படிப் பண்ணீங்க? மனுப் போட்டது நானு. மல்லுக்கு நிக்கறது எனக்கும் அய்யாவுக்கும். இப்ப என்னடான்னா, தங்கச்சியத் தூண்டிவிட்டுட்டான் காத்தான்னு ஊரெல்லாம் பேச்சு.”

“நடந்ததத்தான் சொன்னேன் காத்தான்.”

“சொன்னீங்க. இல்லேங்கல. ஆனா பொறந்த வீட்ட எனக்காக விட்டாங்கன்னு நாளைக்கு எவனாச்சும் சொன்னா நான் எங்க போய் மூஞ்சிய வெச்சுக்குவேன்?”

“இந்தா, வாய மூடு” என்றாள் ராமாயி. “அவங்க ஒனக்காகவா விட்டாங்க? தப்பாச் சொன்னாங்க, திருத்துனாங்க. மூஞ்சிய எங்க வெச்சுக்கறதாம்! நாத்தங்கால எங்க வெச்சுக்கறதுன்னு யோசி.”

பிரகதாம்பாளுக்கு ராமாயி சொன்னது பிடித்திருந்தது. ஆனால் ராமாயி அவள் பக்கம் திரும்பாமலே காத்தானைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள். தஞ்சாவூர் பஸ்ஸில், வழியில் இறங்க வேண்டிய அவர்கள் இருவரும் பின்படியில் ஏறிக்கொண்டார்கள். அவளுக்குப் பக்கத்து இருக்கை தஞ்சாவூர்வரை காலியாகவே வந்தது.

காத்தான் பெயர் பதிவாயிற்று. வைரக்கண்ணு மேல்முறையீடு செய்தான். அது எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது. அந்தக் குறுவைக்குக் காத்தான் வயலில் இறங்கினான் என்று ஆயிஷா கேள்விப்பட்டு வந்து சொன்னாள். அடுத்தடுத்த சனிக்கிழமைகளில் பிரகதாம்பாள் பையில் துணியை எடுத்து வைத்தாள், பிறகு எடுத்து அலமாரியில் மடித்து வைத்தாள். சில வாரங்களுக்குப் பின் பையை எடுப்பதையும் விட்டுவிட்டாள். வள்ளியம்மையிடமிருந்து ஒருமுறை, ரயிலில் வந்த தெரிந்தவர் ஒருவர் மூலம் கொஞ்சம் வடகம் வந்தது. யார் கொடுத்தது என்று சொல்ல வேண்டாம் என்று சொல்லிக் கொடுத்ததாக அவர் சொன்னார்.

தை பிறந்து, மாசியும் ஆயிற்று. ஒருநாள் அரிசிப் பானையின் அடியில் படி தட்டியது. வருஷா வருஷம் அறுவடை முடிந்ததும் ஊரிலிருந்து மூட்டை வந்து இறங்கும். அது வருவதை அவள் ஒரு விஷயமாக நினைத்ததே இல்லை. மாலையில் பையை எடுத்துக்கொண்டு முகம்மது யூசுப் கடைக்குப் போனாள். கடை வாசலில் திறந்து வைத்த சாக்குகள் வரிசையாக இருந்தன.

“என்ன அரிசிம்மா வேணும்?”

“சாப்பாட்டு அரிசி.”

“எல்லாமே சாப்பாட்டு அரிசிதான்” என்றார் யூசுப். “பழசா, புதுசா? கிச்சிலியா, ஐ.ஆர். எட்டா? வழக்கமா என்ன வாங்குவீங்க?”

“வாங்கினதில்ல.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். “எந்த ஊரு உங்களுக்கு?”

“பூதலூர்ப் பக்கம்.”

“பூதலூர்க்காரங்க வெலைக்கு அரிசி வாங்கி இப்பத்தாம்மா பாக்கறேன்.” அவர் நல்ல மனுஷர், குத்திக் கேட்கவில்லை. “எத்தன பேருக்கு?”

“ஒரு ஆளுக்கு.”

ஒரு கை அள்ளி அவள் முன்னால் நீட்டினார். அவள் எதைப் பார்ப்பது என்று தெரியாமல் பார்த்து, சரி என்று தலையசைத்தாள். கிச்சிலிச் சம்பா, பழைய அரிசி, உதிரியாக இருக்கும் என்று சொல்லிக் கட்டிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து எப்போதும் வைக்கிற தண்ணீரைத்தான் வைத்தாள். பழைய அரிசி அதிகம் குடித்துவிட்டது. திறந்து பார்த்தபோது பாதி வெந்து விறைத்துக்கொண்டு நின்றது. இன்னும் கொஞ்சம் தண்ணீர் தெளித்து, மூடி, அடுப்பைத் தணித்துவிட்டுக் காத்திருந்தாள். அப்படியும் சரியாக வேகவில்லை. மோரை ஊற்றிப் பிசைந்து, ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டாள். மென்று சாப்பிட வேண்டியிருந்ததால் நேரம் ஆயிற்று. நாளைக்கு இன்னும் ஒரு ஆழாக்குத் தண்ணீர் கூட வைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தாள்.